முட்டி வலிக்காரரை முன்னால் நிறுத்துங்கள்: சென்னையிலிருந்து கேதாரமும் பத்ரியும் போய்வரத் திட்டமிடுவது எப்படி

என் நாத்தனாருக்கு வயது 68. இடது முட்டி பத்து வருடமாகத் தகராறு. எங்கள் கேதார்நாத், பத்ரிநாத் பயணத் திட்டம் அந்த முட்டியிலிருந்துதான் தொடங்கியது. எந்த மாதம், எத்தனை நாள், ரயிலா விமானமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். கூட வருகிறவர்களில் மெதுவாக நடக்கிறவர் யார், யாருக்கு மூச்சு வாங்கும், ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறவர் யார் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குத் தோதாகப் போட்ட திட்டம் மற்றவர்களுக்குத் தானாகச் சரியாக வரும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2022 ஜூனில் ஒரு டூர்காரர் மூலம் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் நாலும் சேர்த்து 10 நாள். ராத்திரி பதினோரு மணிக்கு ரூமில் தள்ளுவார்கள், விடியற்காலை மூன்று மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். ஆறாம் நாள், கேதாரம் ஏறுமுன் வண்டி நிற்கும் சோன்பிரயாகையில் மழை பிடித்துக்கொண்டது, பாதையை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் காத்திருந்தால் போயிருக்கலாம். ஆனால் திட்டத்தில் அந்த ஒரு நாள் இல்லை. கேதாரத்தைப் பார்க்காமலே வண்டி பத்ரிக்குத் திரும்பியது. 16 கிலோமீட்டர் நடக்க வேண்டுமே என்று மூன்று மாதம் வில்லிவாக்கம் தெருக்களில் நடந்து பழகியதெல்லாம் வீண்.

கூட்டுறவு வங்கியில் 31 வருடம் கணக்கு எழுதியவள் நான். அடுத்த தடவை நானே நோட்டுப் போட்டேன். 2024 அக்டோபரில் நாங்கள் இருவர், நாத்தனார், எதிர்வீட்டு அண்ணன், அண்ணி என்று ஐந்து பேர் போய்வந்தோம். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

எத்தனை கோயில், எந்த மாதம்

அறுபது தாண்டியவர்கள் முதல் தடவையிலேயே நாலு தலமும் போக வேண்டாம். கேதாரம், பத்ரி இரண்டு போதும். வடக்கே இதை 'தோ தாம்' என்கிறார்கள். இமயத்து நாலைச் 'சோட்டா சார் தாம்' என்பார்கள். பெரிய சார் தாம் என்பது பத்ரி, துவாரகை, பூரி, நம் ராமேஸ்வரம். அதில் ஒன்று ஏற்கெனவே நம் கணக்கில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கோயில்கள் வருடத்தில் ஆறு மாதம்தான் திறந்திருக்கும். கங்கோத்ரியும் யமுனோத்ரியும் அட்சய திருதியை ஒட்டித் திறக்கும். கேதாரம் திறக்கும் நாளை மகா சிவராத்திரி அன்று ஊகிமட்டிலும், பத்ரி திறக்கும் நாளை வசந்த பஞ்சமி அன்று நரேந்திரநகர் அரண்மனையிலும் அறிவிப்பார்கள். ஆக, பிப்ரவரி, மார்ச்சிலேயே தேதி தெரிந்துவிடும். கேதாரம் தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் வாக்கில், பாய் தூஜ் அன்று மூடும். பத்ரி நவம்பரில்.

மே, ஜூனில் பள்ளி விடுமுறைக் கூட்டம். வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒரு தடவை மலை ஏறி இறங்கிவிடலாம். ஜூலை, ஆகஸ்டில் மழை, மண்சரிவு; அந்தப் பக்கமே வேண்டாம். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, அதாவது நம் புரட்டாசி, எனக்குப் பிடித்த காலம். வானம் துடைத்து வைத்தது மாதிரி இருக்கும், சிகரங்கள் தெரியும், குளிர் கடிக்கும். புரட்டாசியில் போனால் கொலு போச்சே என்பீர்கள். நான் பொம்மைப் பெட்டியை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு, மகாளய அமாவாசைத் தர்ப்பணம் முடிந்த அன்று ராத்திரியே சென்ட்ரலில் ரயில் ஏறினேன்.

டிக்கெட், பதிவு

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ராத்திரி பத்து மணி வாக்கில் கிளம்பி, இரண்டு இரவு கழித்துக் காலையில் புது தில்லி சேரும். கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீட்டில் 45 வயது ஆன பெண்களும் 60 ஆன ஆண்களும் கேட்கலாம். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் வரவில்லை; அதை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். விமானத்தில் போகிறவர்கள் தேராதூன் வரை எடுத்தால், அந்த விமான நிலையம் ரிஷிகேஷுக்குப் பக்கம். தில்லியில் இறங்கினால் ஹரித்வார் இன்னும் 220 கிலோமீட்டர்.

டிக்கெட் கையில் வந்ததும் உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவு. இது கட்டாயம். அவர்களுடைய தளத்திலோ செயலியிலோ ஒவ்வொருவருக்கும் ஆதார், செல்பேசி எண், எந்தக் கோயிலுக்கு எந்தத் தேதி என்று கொடுத்தால் ஒரு க்யூஆர் கோடு வரும். சோன்பிரயாகையில் அதைக் காட்டித்தான் மேலே போக முடியும். நாங்கள் போனபோது கட்டணம் இல்லை. பெயர் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கட்டும். எதிர்வீட்டு அண்ணிக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால், டிக்கெட்டில் பின்னால். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வழி முழுக்க அவருக்கு அதே கவலை. காகிதத்திலும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். மேலே செல்பேசி குளிரில் சட்டென்று சார்ஜ் இழக்கிறது.

ஹெலிகாப்டர் வேண்டுமென்றால் ஐ.ஆர்.சி.டி.சி.யின் ஹெலியாத்ரா தளம் ஒன்றுதான் வழி. குப்தகாசி, பாட்டா, சேர்சி ஆகிய இடங்களிலிருந்து கிளம்பும். யாத்திரைப் பதிவு எண் இருந்தால்தான் டிக்கெட். வாட்ஸ்அப்பில் 'கன்ஃபர்ம் டிக்கெட் தருகிறேன்' என்று வருகிற எவரையும் நம்ப வேண்டாம். அதே பெயரில் போலித் தளங்கள் ஏராளம். இன்னொன்று, ஹெலிகாப்டர் சில நிமிடங்களில் உங்களை 3,583 மீட்டரில் இறக்கிவிடும். உடம்புக்கு அந்த உயரம் பழக நேரமே இல்லை. நடந்து வருகிறவரைவிடப் பறந்து வருகிறவருக்குத் தலை சுற்றுவது அதிகம் என்று மேலே மருத்துவ முகாமில் சொன்னார்கள். மேகம் வந்தால் பறக்காது என்பது வேறு.

உடம்பைத் தயார் செய்வது

கேதாரம் ஊட்டியைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் உயரம். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மெரினாவில் காலை நடை நல்லது, ஆனால் மெரினாவில் ஏற்றம் இல்லையே. நம் ஊரைச் சுற்றி இருக்கிற மலைக்கோயில்களையே பயிற்சிப் படியாக்கிக்கொண்டோம். முதல் மாதம் திருநீர்மலை. அடுத்து திருத்தணி, நாளுக்கு ஒன்றாக 365 படி. அப்புறம் திருக்கழுக்குன்றம், ஐநூறுக்கு மேல். மூன்றாம் மாதம் சோளிங்கர், 1,305 படி. இப்போது அங்கே ரோப் கார் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அதைத் தாண்டிப் போங்கள். கடைசியாக அலிபிரி வழியாகத் திருமலை, 3,550 படி. அலிபிரி ஏறி மறுநாள் படுக்காமல் வேலை செய்ய முடிகிறவர் கேதாரம் நடக்கலாம்.

என் நாத்தனார் சோளிங்கரோடு நின்றுவிட்டார். இறங்கும்போதுதான் முட்டி பேசும் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது. ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி. அதனால் அவருக்கு ஏற இறங்க இரண்டுக்கும் டோலி என்று அன்று பஸ்ஸிலேயே முடிவு செய்தோம். அவருக்கு ரோஷம். "நாலு பேர் தூக்கிப் போறதுக்கு இன்னும் காலம் இருக்கு, இப்பவே எதுக்கு?" என்றார். அப்பர் கயிலைக்குக் கிளம்பி, கால் தேய்ந்து, கையால் ஊன்றி, மார்பால் உந்திப் போனவர், கடைசியில் திருவையாற்றுக் குளத்தில்தானே எழுந்தார்? சம்பந்தர் காளத்தியில் நின்றபடியே வடநாட்டுத் தலங்களைப் பாடிவிட்டார். டோலி பிடிக்காவிட்டால் உங்களுக்கும் காளத்தி இருக்கிறது, இங்கிருந்து மூன்று மணி நேரம், என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

கிளம்ப ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். இ.சி.ஜி., பி.பி., சர்க்கரை. உயரத்துக்கான மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் ராத்திரி அதைப் பையில் விடாமல் உள்சட்டைப் பாக்கெட்டில் வைத்துப் படுங்கள். உறைந்துபோனால் அது பயன்படாது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் கிடக்குமே, எடுத்து வாருங்கள். கேதாரத்தில் என் வீட்டுக்காரருக்கு 87 காட்டியது. நான் பயந்து முகாமுக்கு ஓடினேன். இந்த உயரத்தில் அது வழக்கம்தான் என்று சொன்ன டாக்டர், எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் சொன்னார்: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், தலைவலியோடு வாந்தி வந்தால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், நேரம் பார்க்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். தரிசனம் ஆகவில்லையே என்று உட்காரக் கூடாது.

நாள் கணக்கு

எங்கள் கணக்கு இது. ரிஷிகேஷில் இரண்டு இரவு. மூன்றாம் நாள் தேவப்பிரயாகை, ருத்ரபிரயாகை வழியாகக் குப்தகாசி. அங்கே ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தோம். சும்மா என்றால் குப்தகாசி விசுவநாதர், எதிர்மலையில் ஊகிமட். குளிர்காலத்தில் கேதாரநாதர் எழுந்தருளும் இடம் ஊகிமட். அடுத்த நாள் கேதாரம் ஏற்றம், மேலே ஓர் இரவு, மறுநாள் இறக்கம். திரும்பவும் குப்தகாசியில் ஒரு சும்மா நாள். பிறகு பீபல்கோட்டி, பத்ரியில் இரண்டு இரவு, ஸ்ரீநகர், ரிஷிகேஷ். காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை, இது அலக்நந்தா கரையில் உள்ள ஊர்.

அந்தச் சும்மா நாட்களை யாரும் வெட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டில் அவற்றைச் சிவப்பு மையில் எழுதினேன். எங்கள் கூட்டத்தில் எதிர்வீட்டு அண்ணன் அந்த நாளில் சோப்தா போய்வரலாமே என்று நாலு தடவை கேட்டார். இரண்டாவது சும்மா நாளில் அவரே சுடுதண்ணீர் பக்கெட்டில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். திரும்பும் ரயிலையும் மலையிலிருந்து இறங்கும் நாளுக்கு மறுநாள் போடாதீர்கள். ஒரு சரிவு போதும், சாலை அரை நாள் அடைபடும். மலைச்சாலையில் ராத்திரி வண்டி ஓட்டவும் விட மாட்டார்கள்.

வண்டியை ரிஷிகேஷிலோ ஹரித்வாரிலோ எடுங்கள், தில்லியில் வேண்டாம். மலையிலேயே பிறந்த டிரைவர் கிடைப்பார். வாடகை வண்டிக்கு யாத்திரைக்கென்று கிரீன் கார்டும் டிரிப் கார்டும் உண்டு, கேட்டுப் பாருங்கள். தங்குவதற்கு கர்வால் மண்டல் விகாஸ் நிகாமின் அரசு விடுதிகளை முதலில் பாருங்கள். ஆடம்பரம் இருக்காது. நாங்கள் தங்கிய இடங்களில் சுடுதண்ணீர் பக்கெட் கேட்டால் வந்தது, அது போதும்.

கேதாரம் ஏறும் நாள்

சொந்த வண்டி சோன்பிரயாகையோடு சரி. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் ஷட்டில் ஜீப்பில் கௌரிகுண்டம். விடிவதற்குள் வரிசையில் நில்லுங்கள். 2013 ஜூன் வெள்ளத்துக்கு முன் 14 கிலோமீட்டராக இருந்த பாதை இப்போது 16. ராம்பாடா என்ற ஊரே அந்த வெள்ளத்தில் போய்விட்டது. அங்கே பாதை மந்தாகினி ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக்கு மாறி லின்சோலி வழியாக ஏறுகிறது. ஜங்கிள் சட்டி, பீம்பலி வரை சுமார்தான். லின்சோலி ஏற்றத்தில்தான் ஒவ்வொருவர் முகமும் மாறும்.

குதிரை என்று நாம் சொல்கிறோம், வருகிறது கோவேறு கழுதை. டோலிக்கும் குதிரைக்கும் அரசு விலைப்பட்டியல் உண்டு, கவுன்ட்டரில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். பாதியில் கூடக் கேட்டால் ரசீதைக் காட்டலாம். டோலி தூக்கிய நாலு பேரும் நேபாளத்துப் பையன்கள். வழியில் அவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் "மாதாஜி, டீக் ஹை?", அதாவது அம்மா, சரியா இருக்கீங்களா, என்று கேட்டுக்கொண்டே போனார்கள். சாயங்காலம் நாத்தனார் தமிழில் "டீக் இருக்கேன்ப்பா" என்று பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார். நடக்கிறவர்கள் கழுதைகள் வரும்போது மலைப்பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒதுங்கவே கூடாது. ஒரு கழுதை மூட்டையோடு திரும்பியது, அண்ணி கைத்தடியை ஊன்றியதால் நின்றார். அந்தத் தடி கௌரிகுண்டத்தில் போகிற போக்கில் வாங்கியது.

கோயிலில் பிற்பகலில் நடை சாத்தி மாலையில் திறப்பார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாத்தியிருந்தது. பின்பக்கம் போய் பீமசிலையைப் பார்த்தோம். 2013 வெள்ளத்தில் உருண்டு வந்து கோயிலுக்குப் பின்னால் நின்று தண்ணீரை இரண்டாகப் பிரித்த பாறை. கேதாரலிங்கம் நம் ஊர் லிங்கம் மாதிரி இருக்காது. எருதின் முதுகுத் திமில்போல முக்கோணமான பாறை. இரவு தங்கினால்தான் மாலை ஆரத்தியும் கூட்டமில்லாத விடியற்காலைத் தரிசனமும் கிடைக்கும். அன்றே இறங்க வேண்டும் என்று ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது, இரண்டு வருடம் முன் நாங்களும் அந்த ஓட்டம்தானே ஓடினோம்.

நதியில் இறங்குவது

தேவப்பிரயாகையை வண்டி ஜன்னலில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். நம்மவர்கள் அப்படிப் போகவே கூடாது. 108 திவ்யதேசங்களில் ஒன்று அது. பெரியாழ்வார் பாடிய 'கண்டமென்னும் கடிநகர்'. மேலே ரகுநாதர் கோயில், கீழே செங்குத்தான படிகள், படி முடியுமிடத்தில் சங்கமம். ஒரு பக்கமிருந்து பாகீரதி பச்சையாக, இரைச்சலாக வருகிறாள். மறு பக்கமிருந்து அலக்நந்தா கலங்கலாக, சத்தமில்லாமல் வருகிறாள். சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டு நிறமும் கோடு போட்டமாதிரி தனித்தனியாக ஓடுகிறது. இங்கிருந்துதான் அதற்கு கங்கை என்று பெயர். உள்ளூரில் இரண்டையும் மாமியார் மருமகள் என்கிறார்கள் என்று டிரைவர் தம்பி சொன்னார். சத்தம் போடுகிறவள் மாமியார். நாத்தனாருக்கு ஒரு நதியும் கிடையாதா என்று எங்கள் நாத்தனார் கேட்டார். மந்தாகினி ருத்ரபிரயாகையில் சேர்கிறதே, அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றோம்.

குளிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. கரையில் சங்கிலி இருக்கும், அதைப் பிடித்தபடிதான் முங்க வேண்டும். நீச்சல் தெரியும் என்பது அங்கே செல்லாது. முதலில் காலை நனையுங்கள், பிறகு கையால் அள்ளித் தலையில் தெளியுங்கள், அப்புறம் மூன்று முங்கு, வெளியே வந்துவிடுங்கள். பி.பி. உள்ளவர்கள் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டால் போதும். பெண்கள் பழைய பருத்திச் சுடிதாரோடு இறங்குவது வசதி. சேலை காலில் சுற்றும். கட்டிய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வரும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. விட வேண்டாம், கீழே வலையில் மாட்டி மலையாகக் குவிந்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே மனசு வராது.

ஹரித்வாரில் எனக்கு ஒரு ஏமாற்றம். போகும்போது நேரமில்லை, திரும்பும்போது ஹர் கி பௌரியில் குளித்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருந்தேன். திரும்பி வந்தால் தண்ணீர் கணுக்காலுக்கு. பையன்கள் ஆற்றுப்படுகையில் கூழாங்கல்லைப் புரட்டிக் காசு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்டுதோறும் தசராவிலிருந்து தீபாவளி வரை கங்கைக் கால்வாயைப் பராமரிப்புக்காக மூடுகிறார்கள், ஹர் கி பௌரியில் ஓடுவது அந்தக் கால்வாய்க்குத் திருப்பிவிடும் தண்ணீர். புரட்டாசி, ஐப்பசியில் போகிறவர்கள் ஹரித்வார்க் குளியலைப் போகும்போதே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ரிஷிகேஷ் திரிவேணி கட்டத்தில் குளியுங்கள். அது தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பும் அணைக்கு மேலே இருப்பதால் தண்ணீர் குறையாது. ரிஷிகேஷில் சிவானந்தாசிரமம் போனால், அதை நிறுவியவர் நம் பத்தமடைக்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்ரி

பத்ரிக்கு வண்டி மேலே வரை போகும். ஆனால் பத்தாயிரம் அடிக்கு மேல், மறக்க வேண்டாம். முதலில் தப்த குண்டத்தில் குளியல். பக்கத்தில் அலக்நந்தா பனியாக ஓட, குண்டத்தில் வெந்நீர் ஆவி பறக்கும். முதல் சொம்பு உடம்பில் பட்டதும் அண்ணி 'அப்பாடா' என்றது ஆண்கள் பக்கம் வரை கேட்டதாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்காதீர்கள், தலை கிறுகிறுக்கும். திருமங்கையாழ்வார் பாடிய வதரியாச்சிரமம் இது. பூஜை செய்யும் ராவல் கேரளத்து நம்பூதிரி. நாங்கள் விஜயதசமி அன்று அங்கே இருந்தோம். பஞ்சாங்கம் பார்த்து நடை சாத்தும் நாளை அன்றுதான் அறிவிப்பார்கள், அந்த வருடம் நவம்பர் 17.

பிரம்மகபாலத்தில் பிண்டம் போடப் போகிறவர்கள் மூன்று தலைமுறைப் பெயர், கோத்திரம், திதி எல்லாம் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். குளிரில் நடுங்கும்போது கொள்ளுத் தாத்தா பெயர் ஞாபகம் வராது. தட்சிணையை முதலிலேயே பேசிவிடுங்கள். அங்கே போட்டால் அப்புறம் திதியே வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு அபிப்ராயம் இருக்கிறது. அதை உங்கள் வீட்டு வாத்தியாரைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பை, சாப்பாடு, பணம்

ஒருவருக்கு ஒரு பெரிய பை, ஒரு முதுகுப்பை, அவ்வளவுதான். கேதாரத்துக்கு முதுகுப்பை மட்டும். உள்ளே போடும் தெர்மல் இரண்டு ஜோடி, ஸ்வெட்டர், காற்று புகாத ஜாக்கெட், குரங்கு குல்லா, கம்பளிக் கையுறை, முழு மழைக்கோட்டு. குடை வேண்டாம், காற்றில் திருப்பிவிடும். ஷூவை இரண்டு மாதம் முன்பே வாங்கிச் சோளிங்கருக்குப் போட்டுக்கொண்டு போங்கள். கம்பளிக்கு தி.நகரில் அலைய வேண்டாம்; அங்கே ரிஷிகேஷில் மலிவு.

சாப்பாட்டைத்தான் நான் அதிகம் யோசித்தேன். வழியெல்லாம் சைவம்தான், ரொட்டி, உருளைக்கிழங்கு, பருப்பு, மேகி. மூன்று நாள் ஆனதும் நாக்கு கெஞ்சும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, எள்ளு மிளகாய்ப் பொடி, நார்த்தங்காய், சுக்குப் பொடி, வறுத்த அவல், கடலைமிட்டாய் கொண்டுபோனேன். எந்தத் தாபாவிலும் வெறும் சாதம் கேட்டால் கொடுப்பார்கள். புளிக்காய்ச்சலை வாழைப்பழம் மாதிரி எல்லாருக்கும் காட்டாதீர்கள், பக்கத்து மேஜைத் திருநெல்வேலிக்காரர்கள் தட்டோடு வந்துவிட்டார்கள். அதோடு பாதி பாட்டில் காலி. கேதாரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் குக்கர் இல்லாமல் சாதம் வேகாது, டீயும் சீக்கிரம் ஆறும். காபிக்கு அடம்பிடிக்கிறவர்கள் உடனடிக் காபிப் பொட்டலத்தோடு சமாதானம் ஆகிவிடுங்கள்.

யு.பி.ஐ. நிறைய இடத்தில் உண்டு, சிக்னல் போனால் அதுவும் போச்சு. ஆளுக்குக் கொஞ்சம் ரொக்கமாக, பாதி நூறு ரூபாய்த் தாள்களாக வையுங்கள். வண்டி, தங்கல், டோலி, சாப்பாடு, தட்சிணை என்று ஐந்து தலைப்பில் கணக்கெழுதி, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்குங்கள். எங்களுக்கு அது முழுசாகத் தேவைப்பட்டது. ஹிந்திக்கு 'கித்னா' (எவ்வளவு), 'கரம் பானி' (சுடுதண்ணீர்), 'தீரே சலோ' மூன்றும் போதும். மெதுவாகப் போ என்கிற அந்த மூன்றாவதை நான் டிரைவரிடம் ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னேன்.

கங்கைத் தீர்த்தம் கொண்டுவருகிறவர்கள் பிளாஸ்டிக் கேனை நம்பாதீர்கள். ஹரித்வாரில் வாங்கிய என் கேன் நாக்பூர் தாண்டி ஒழுகி, கீழ் இருக்கைக்கு அடியில் இருந்த அண்ணனின் பெட்டி முழுக்கப் புண்ணியம் ஆகிவிட்டது. வாய் அடைத்துப் பற்றுவைத்த செப்புச் சொம்பே வாங்குங்கள். அவர் நல்ல மனிதர், சட்டையெல்லாம் இனி துவைக்க வேண்டியதில்லை என்றார்.

நோட்டு இப்போது நாத்தனாரிடம் இருக்கிறது. போன வாரம் வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் 'கங்கோத்ரி, வண்டி கோயில் வரை போகும்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அதற்குக் கீழே 'யமுனோத்ரி, ஜானகி சட்டியிலிருந்து ஆறு கிலோமீட்டர்' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, அப்புறம் அதை அடித்துவிட்டு 'டோலி' என்று எழுதியிருக்கிறார்.